14 பேர் இருக்கும் ஸ்டார்ட்அப், சம்பளம் 25% குறைவு, 40,000 ஆப்ஷன்: சேர்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நீர்முள்ளி:

வணக்கம். பெரிய நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக பேக்எண்ட் (சர்வர் பக்க மென்பொருள்) வேலை. இப்போது ஒரு டெக் ஸ்டார்ட்அப்பிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. மொத்தம் 14 பேர், பேக்எண்டில் நான் மூன்றாவது ஆள். சம்பளம் இப்போது வாங்குவதைவிட 25% குறைவு. அதற்கு ஈடாக 40,000 ஆப்ஷன் (நிறுவனப் பங்கைப் பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) தருகிறார்கள்: 4 ஆண்டு வெஸ்டிங் (அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் காலம்), முதல் ஓராண்டு கிளிஃப் (அதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது). இதுவரை இரண்டு சுற்று முதலீடு வாங்கியிருக்கிறார்கள்.

"நிறைய கற்றுக்கொள்ளலாம்", "ரிஸ்க் அதிகம்" என்று பொதுவாகச் சொல்லும் பேச்சைப் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. எனக்கு வேண்டியது கணக்கு. 40,000 ஆப்ஷனை எப்படி மதிப்பிடுவது? நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும் என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அன்றாட வேலை எந்தெந்த இடத்தில் மாறும்? கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

---

சுழியம்:

ஆப்ஷன் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்.

40,000 என்ற எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேளுங்கள். அதுவும் வெறும் "வெளியிட்ட பங்குகள்" அல்ல. முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குகள், ஊழியர்களுக்கென ஒதுக்கிய ஆப்ஷன் பூல், பின்னாளில் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்த எண். ஃபுல்லி டைல்யூட்டட் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். அது 1 கோடி என்றால் உங்கள் பங்கு 0.4%. அதுவே 10 கோடி என்றால் 0.04%. எண்ணைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் ஆப்ஷனுக்குச் சுழியம் என்று மதிப்புப் போடுங்கள்.

0.4% என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முதலீட்டுச் சுற்றிலும் புதுப் பங்கு வெளியிடுவார்கள், உங்கள் விழுக்காடு தேயும். ஒரு சுற்றுக்கு 20% தேய்வு என்று எடுத்தால் மூன்று சுற்றுக்குப் பிறகு 0.4 × 0.8 × 0.8 × 0.8 = ஏறத்தாழ 0.2%. மொத்தப் பங்குகள் 1 கோடியிலிருந்து சுமார் 1.95 கோடியாகியிருக்கும். தேய்வது தன்னளவில் கெட்டதல்ல. நிறுவனத்தின் மதிப்பு அதைவிட வேகமாக வளர்ந்தால் லாபம்தான்.

அடுத்தது லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இது. ஓர் எடுத்துக்காட்டு. மொத்த முதலீடு 30 கோடி, முதலீட்டாளர்கள் கையில் 50% பங்கு, 1 மடங்கு பிரிஃபரன்ஸ். நிறுவனம் 35 கோடிக்கு விற்கப்படுகிறது. "0.2% என்றால் 7 லட்சம்" என்று மனம் கணக்குப் போடும். நடப்பது வேறு. முதலீட்டாளர்கள் தங்கள் பங்கைப் பொதுப் பங்காக மாற்றினால் கிடைப்பது 17.5 கோடி, மாற்றாமல் விட்டால் 30 கோடி. ஆகவே மாற்ற மாட்டார்கள். மிச்சம் 5 கோடியைத்தான் பொதுப் பங்குக்காரர்கள் எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள். மொத்தத்தில் 0.2% என்பது பொதுப் பங்கான பாதியில் 0.4%, ஆகவே உங்களுக்கு 2 லட்சம்.

அதுவும் ஸ்ட்ரைக் பிரைஸை, அதாவது ஒரு பங்கை வாங்க நீங்கள் கட்ட வேண்டிய விலையை, கழிக்கும் முன். மேலே சொன்ன விற்பனையில் ஒரு பொதுப் பங்குக்குச் சுமார் 5.12 விழுகிறது. உங்கள் ஸ்ட்ரைக் பிரைஸ் 2 என்றால் பங்குக்கு 3.12 லாபம், மொத்தம் ஏறத்தாழ 1.25 லட்சம். ஸ்ட்ரைக் பிரைஸ் 6 என்றால் அந்த ஆப்ஷனுக்கு மதிப்பே இல்லை. நிறுவனம் 35 கோடிக்கு விற்ற செய்தி வெளியே வந்திருக்கும், உங்கள் கைக்கு ஒன்றும் வந்திருக்காது.

அதே நிறுவனம் 100 கோடிக்குப் போனால் முதலீட்டாளர்களுக்கு மாற்றுவதே லாபம் (50 கோடி, 30 கோடியைவிட அதிகம்). அப்போது உங்கள் 0.2% உண்மையிலேயே 20 லட்சம், ஸ்ட்ரைக் பிரைஸ் கழித்து. இந்த எடுத்துக்காட்டில் திருப்புமுனை 60 கோடி. அதற்குக் கீழே விற்றால் விழுக்காட்டுக் கணக்கு ஏமாற்றும். பிரிஃபரன்ஸ் "பார்ட்டிசிபேட்டிங்" வகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முதலில் 30 கோடியை எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் பாதியைப் பங்கு போடுவார்கள்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட குட் டெக்னாலஜி நிறுவனத்தை 2015-ல் பிளாக்பெர்ரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஊழியர்கள் வைத்திருந்த பொதுப் பங்குக்குக் கிடைத்தது பங்குக்கு 44 சென்ட். முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. மறுமுனையில், 2014-ல் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டபோது வாட்ஸ்அப்பில் இருந்தவர்கள் சுமார் 55 பேர். இரண்டாவது வகைக் கதைதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது.

சம்பளக் குறைப்பை இதோடு பொருத்திப் பாருங்கள். 25% குறைவு என்றால் 48 மாதத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 12 மாதச் சம்பளம், பழைய இடத்தில் கிடைத்திருக்கும் உயர்வுகளைச் சேர்க்காமலே. ஆக, வரி போக ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் ஆப்ஷனில் வந்தால்தான் கைக்கு நட்டமில்லை. அதற்கு நிறுவனம் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அந்த விலை நம்பும்படி இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. வீட்டு வரவு செலவில் ஆப்ஷனைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வேலையை விட்ட பிறகு ஆப்ஷனைப் பங்காக வாங்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் 90 நாள்தான். ஸ்ட்ரைக் பிரைஸ் 6 என்றால் 40,000 பங்குக்கு 2.4 லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். பல நாடுகளில் வாங்கும் அன்றே, விற்காத பங்குக்கும் வரி விழும். விற்கச் சந்தை இல்லாத ஒன்றுக்கு மூன்று மாதத்தில் இவ்வளவு பணம் புரட்ட முடியாமல், வெஸ்ட் ஆன ஆப்ஷனையே கைவிட்டுப் போகிறவர்கள் நிறைய. 7 ஆண்டு, 10 ஆண்டு அவகாசம் தரும் நிறுவனங்களும் உண்டு. கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்க வேண்டும்.

---

எறும்புத்தடம்:

சுழியம் சொன்னது நிறுவனம் உயிரோட இருந்தா. உயிரோட இருக்குமான்னு பார்க்கிற வழி இது.

ரெண்டு எண் கேளுங்க: இன்னிக்கு வங்கியில எவ்வளவு இருக்கு, மாசம் நிகரமா எவ்வளவு கரையுது. நிகரம்னா செலவுல இருந்து வருமானத்தைக் கழிச்சது. 6 கோடி இருக்கு, மாசம் 50 லட்சம் கரையுதுன்னா ரன்வே (காசு தாங்குற காலம்) 12 மாசம். ஆனா அதை 12 மாசமா எடுத்துக்காதீங்க. அடுத்த சுற்று முதலீடு திரட்ட ஆறு மாசம் வரை ஆகும். முதலீட்டாளர்கள்கிட்ட போகும்போது கையில காசு கரைஞ்சு போயிருந்தா பேரம் பேசும் பலம் போயிடும். அதனால 12 மாசம்னா நிறுவனர் இப்பவே கிளம்பியிருக்கணும். 18 மாசம்னா கொஞ்சம் மூச்சு விடலாம். 6 மாசத்துக்குக் கீழன்னா நீங்க சேர்றது ஒரு ஏலத்துக்கு நடுவுல.

மூணு தந்திரமான இடம் இருக்கு.

ஒண்ணு, "24 மாசம் ரன்வே இருக்கு"ன்னு சொல்றது இன்னிக்கு இருக்கிற 14 பேர் செலவை வெச்சா, இல்ல அடுத்த வருஷம் சேர்க்கப்போற பத்துப் பேரையும் சேர்த்தா? ஆள் சேர்த்துக்கிட்டே இருக்கிற நிறுவனத்துல இந்த ரெண்டு எண்ணும் ரொம்பத் தள்ளி இருக்கும். "திட்டமிட்ட சேர்க்கையையும் சேர்த்து எத்தனை மாசம்?" அப்படின்னே கேளுங்க.

ரெண்டு, வருமானம் யார்கிட்ட இருந்து வருது. ஒரே வாடிக்கையாளர் 40% தந்தா, அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலேன்னா ரன்வே வேகமா சுருங்கிடும். அந்த ஒப்பந்தம் எந்த மாசம் முடியுதுன்னு கேளுங்க. அப்புறம் அது உண்மையான ஒப்பந்தமா, சோதனைக்கு எடுத்த பைலட்டா? பைலட்டை வருமானக் கணக்குல போட்டுக் காட்டுறது ரொம்பச் சாதாரணம்.

மூணு, காசு எங்க இருக்கு. 2023 மார்ச் 10-ல அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்கை ஒழுங்குமுறை அதிகாரிகள் மூடினாங்க. அது வெள்ளிக்கிழமை. அங்க முழுப் பணத்தையும் வெச்சிருந்த ஸ்டார்ட்அப்கள் அடுத்த சம்பளத்தை எப்படிப் போடுறதுன்னு தெரியாம ரெண்டு நாள் தவிச்சாங்க. காப்பீடு ஒரு கணக்குக்காரருக்கு 2.5 லட்சம் டாலர் வரைதான். திங்கட்கிழமை முழுப் பணமும் எடுக்கலாம்னு அரசு ஏற்பாடு செஞ்சதால தப்பிச்சாங்க. அதுக்கப்புறம், குறைஞ்சது மூணு மாசச் சம்பளத்தை வேற வங்கியில வெச்சிருக்கீங்களான்னு கேட்கிறது நியாயமான கேள்வி ஆயிடுச்சு. இதுக்குத் தெளிவான பதில் வந்தா நிதி நிர்வாகம் தெரிஞ்ச ஆள் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம்.

சேர்ந்த பிறகும் கண் திறந்திருக்கணும். கஷ்டம் வர்றப்ப முதல்ல தெரியறது சம்பளத்துல இல்ல. மாசாந்திரக் கூட்டத்துல வழக்கமா காட்டுற எண்ணைக் காட்டுறதை நிறுத்துவாங்க. சின்னச் சின்ன மென்பொருள் சந்தாக்கள் ரத்தாகும். விற்பனையாளர் பில்லுக்கு நினைவூட்டல் மெயில் உங்க வரைக்கும் வரும். நிதி பார்க்கிறவர் விலகுவார். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனா காரணம் கேளுங்க. ரெண்டாவது தடவை தள்ளிப்போனா அன்னிக்கே வேற வேலை தேட ஆரம்பிங்க. நிறுவனம் மூடினா பாக்கிச் சம்பளத்துக்குச் சட்டம் முன்னுரிமை தர்ற நாடுகள்லகூட அது கைக்கு வர மாசக்கணக்காகும்.

சேர்றதுக்கு முன்னாடி ஆறு மாசச் செலவு கையில இருக்கட்டும். அது இல்லேன்னா இப்ப வேண்டாம். முதல் தகராறுலயே பயத்துல முடிவெடுப்பீங்க.

---

ஆலவிழுது:

அன்றாட வேலையைப் பற்றி.

பெரிய நிறுவனத்தில் ஒரு மாற்றம் உங்கள் கையிலிருந்து பயனரிடம் போக வாரங்கள் ஆகலாம். 14 பேர் இருக்கும் இடத்தில் காலையில் எழுதியது மாலையில் ஓடும். நான்காண்டு அனுபவம் உள்ளவருக்கு இதன் மதிப்பு பெரிது. டேட்டாபேஸ் ஸ்கீமாவை (தரவின் அமைப்பை) ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது, கிளவுட் பில்லைப் பிரித்துப் பார்த்துக் குறைப்பது, குறை சொல்லும் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசி எது நிஜமான சிக்கல் என்று கண்டுபிடிப்பது, ஒரு மென்பொருள் லைப்ரரியைத் (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடை) தேர்ந்தெடுத்து அதன் விளைவோடு இரண்டு ஆண்டு வாழ்வது. பெரிய நிறுவனத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு இருக்கும். நீங்கள் டிக்கெட் போட்டுக் காத்திருப்பீர்கள்.

ஆனால் இரண்டு ஆண்டு வாழ்ந்தால்தான் இது கல்வி. எட்டு மாதத்தில் விலகினால் நீங்கள் எடுத்த முடிவுகளின் கெடுதலைப் பார்க்காமலே போய்விடுவீர்கள். தவறான முடிவு பொதுவாக இரண்டாம் ஆண்டில்தான் வலிக்கும்.

கற்க முடியாதவையும் உண்டு. மிகப்பெரிய அளவில் கெப்பாசிட்டி திட்டமிடுவது, பல குழுக்களுக்கு இடையே ஒரு ஏபிஐ-யை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியை) உடைக்காமல் மாற்றுவது, உங்களைவிடப் பத்தாண்டு மூத்தவர் உங்கள் டிசைனைக் கிழித்துப் போடுவது. மூன்றாவதுதான் பெரிய இழப்பு. மற்ற இரண்டு பேக்எண்ட் ஆட்களின் அனுபவம் என்ன என்று கேளுங்கள். இருவரும் உங்களைவிட இளையவர்கள் என்றால் நீங்கள் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள். அதற்குத் தயாராக இருந்தால் நல்லது. கற்றுக்கொள்ளப் போவதாக நினைத்துப் போகாதீர்கள்.

ஆன்-கால் (எந்த நேரமும் கோளாறைப் பார்க்கத் தயாராக இருக்கும் முறை) கணக்கு எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. மூன்று பேர் சுழற்சி என்றால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவிலும் போன் உங்களுடையது. ஒருவர் விடுப்பில் போனால் வாரம் விட்டு வாரம். ஆண்டுக்கு 17 வாரத்துக்கு மேல். வாரத்துக்கு எத்தனை முறை அலாரம் அடிக்கிறது, அதில் நள்ளிரவுக்கு மேல் எத்தனை என்று கேளுங்கள். இரவில் எழுப்பினால் மறுநாள் தாமதமாக வரலாமா என்றும் கேளுங்கள். "எங்களுக்கு ஆன்-கால் கிடையாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பட்டியல் இல்லை என்றால் எல்லோரும் எப்போதும் ஆன்-காலில் இருக்கிறார்கள்.

நேர்காணலின் கடைசிப் பத்து நிமிடத்தில் தொழில்நுட்பத் தலைவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை டிப்ளாய் (புதிய கோடைப் பயனருக்கு விடுவது) போகிறது? தவறாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம்? புரொடக்ஷன் (பயனர்களுக்காக நிஜமாக ஓடும்) டேட்டாபேஸுக்கு எத்தனை பேரிடம் எழுதும் உரிமை இருக்கிறது? பேக்அப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். "தினமும் பேக்அப் எடுக்கிறோம்" என்பது பதில் அல்ல. 2017 ஜனவரி 31-ல் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்அப், ரெப்ளிகேஷன் (தொடர்ந்து நகலெடுக்கும்) ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பிக்கையாக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அவ்வளவு திறமையுள்ள இடத்திலேயே இது நடக்கும் என்றால், மீட்டுப் பார்க்காத 14 பேர் நிறுவனத்தில் நடக்காது என்று சொல்ல முடியாது. நடக்கும் இரவில் போன் உங்கள் கையில் இருக்கலாம்.

இன்னொன்று, பிவட். நீங்கள் சேரும்போது செய்கிற பொருளையே ஓராண்டு கழித்தும் செய்வார்கள் என்று உறுதியில்லை. அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக் உருவான கதை பலருக்கும் தெரியும். கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை 2012-ல் மூடிவிட்டு, தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கட்டிய கருவியைப் பொருளாக்கினார்கள். நன்றாக முடிந்தது, ஆனால் விளையாட்டு மூடப்பட்டபோது பெரும்பாலான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். குறிப்பிட்ட துறை பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்கிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

---

மஞ்சணத்தி:

மேலே உள்ளவர்கள் சொன்னதில் ஒன்றோடு உடன்படவில்லை. "ஸ்டார்ட்அப்" என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகளைப் பேசுகிறோம்.

10, 15 பேர் இருக்கும்போது பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பதே தெரியாது. எழுதும் கோடில் பாதியைத் தூக்கியெறிய நேரும். தூக்கியெறியத் தயங்காதவர்களுக்கான இடம் அது. 80 முதல் 150 பேர் ஆகும்போது வாங்குகிறார்கள் என்று தெரிந்துவிட்டது, ஆனால் எல்லாம் உடைந்துகொண்டிருக்கும். ஒரே டேட்டாபேஸ் தாங்கவில்லை, டெஸ்ட் ஓட நாற்பது நிமிடம் ஆகிறது, யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியவில்லை. பெரிய நிறுவனத்தில் நான்காண்டு இருந்தவருக்கு அந்த ஒழுங்கு தெரியும். அதை இரண்டாம் வகை நிறுவனத்துக்குக் கொண்டுபோனால் மதிப்பு அதிகம், சம்பளக் குறைப்பும் பெரும்பாலும் சிறிதாக இருக்கும். ஆப்ஷன் விழுக்காடு குறையும், ஆனால் அது சுழியமாகும் வாய்ப்பும் குறையும். இந்த ஒரே ஆஃபரை வைத்து ஆம், இல்லை என்று முடிவெடுக்காமல், அந்த அளவு நிறுவனம் ஒன்றிலாவது நேர்காணல் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரக் கெடுவை இரண்டு வாரமாக்கக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆள் கிடைப்பது அவர்களுக்கும் கடினம்.

பெரிய நிறுவனம் பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் மெட்டா ஒரே நாளில் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. வித்தியாசம் எதில் என்றால், அங்கே நீக்கினால் சில மாதச் சம்பளம் கையில் தந்து அனுப்புவார்கள். ஸ்டார்ட்அப்பில் நீக்கும் நேரத்தில் தருவதற்குப் பணமே இருக்காது. அதனால்தான் செவரன்ஸை (நீக்கும்போது தரும் தொகையை) முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகள் இவை.

அறிவுசார் சொத்து: வேலை நேரத்தில், நிறுவனக் கருவியில், நிறுவனத் தொழில் சார்ந்து செய்தது அவர்களுக்கு. இது வழக்கம். "பணிக்காலத்தில் உருவாக்கிய அனைத்தும்" என்று இருந்தால் உங்கள் ஓப்பன் சோர்ஸ் வேலையும் அவர்களுக்குப் போகும். ஏற்கெனவே உள்ள உங்கள் திட்டங்களைப் பட்டியலிட்டு, இவை நீங்கலாக என்று இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பேட் லீவர்: எந்தெந்தக் காரணத்துக்கு விலக்கினால் வெஸ்ட் ஆன ஆப்ஷனும் பறிபோகும் என்று இங்கே இருக்கும். மோசடி, திருட்டு என்று இருந்தால் சரி. "போட்டியாளரிடம் சேர்ந்தால்" அல்லது "தானாக விலகினால்" என்று இருந்தால் அந்த ஆப்ஷன் உங்களுடையதே அல்ல.

விற்பனையின்போது வெஸ்டிங் என்ன ஆகும்: நிறுவனத்தை வாங்கியவர் உங்களை நீக்கினால், மிச்ச ஆப்ஷன் அன்றே வெஸ்ட் ஆக வேண்டும். இதை டபுள் டிரிக்கர் என்பார்கள். தொடக்க ஊழியர் கேட்பதில் தவறில்லை.

வரம்பில்லா விடுப்பு: கேட்க நன்றாக இருக்கும். எடுக்காத விடுப்புக்குப் பணம் கிடையாது என்பதும் அதற்குள் அடக்கம். கடந்த ஆண்டு சராசரியாக ஒருவர் எத்தனை நாள் எடுத்தார் என்று கேளுங்கள்.

வேலை விசா இந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருந்தால், மேலே சொன்ன ரன்வே கணக்கையெல்லாம் இரண்டு மடங்கு கடுமையாகப் போடுங்கள்.

பதவிப் பெயருக்காகச் சம்பளத்தை விடாதீர்கள். 14 பேர் நிறுவனத்தின் "தலைமைப் பொறியாளர்" பெரிய இடத்துக்குத் திரும்பும்போது இரண்டு படி இறக்கி மதிப்பிடப்படுவது வழக்கம். எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எவ்வளவு டிராஃபிக் தாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

---

நீர்முள்ளி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேள்விகளை எழுதி அனுப்பினேன், நிறுவனரே போனில் பதில் சொன்னார். மொத்தப் பங்குகள் எல்லாம் சேர்ந்து 1.25 கோடி. பிரிஃபரன்ஸ் 1 மடங்கு, பார்ட்டிசிபேட்டிங் அல்ல. ரன்வே இன்றைய செலவில் 14 மாதம், திட்டமிட்ட சேர்க்கையோடு 10. வருமானத்தில் 45% ஒரே வாடிக்கையாளர், ஒப்பந்தம் ஏழு மாதத்தில் முடிகிறது. விலகிய பின் 90 நாள். ஸ்ட்ரைக் பிரைஸ் "இயக்குநர் குழு கூடும்போது முடிவாகும்" என்றார். பேக்அப்பை மீட்டுப் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மற்ற இரு பேக்எண்ட் ஆட்களில் ஒருவர் 12 ஆண்டு அனுபவம் உள்ளவர்.

---

சுழியம்:

1.25 கோடியில் 40,000 என்றால் 0.32%.

ஸ்ட்ரைக் பிரைஸ் விஷயத்தில் கவனம். ஆஃபர் லெட்டரில் எழுதியிருப்பது வாக்குறுதி. இயக்குநர் குழு ஒப்புதல் தரும் நாளில்தான் ஆப்ஷன் பிறக்கிறது, பெரும்பாலும் அன்றைய பொதுப் பங்கு மதிப்புதான் ஸ்ட்ரைக் பிரைஸ். குழு கூடுவதற்குள் புதிய முதலீடு வந்துவிட்டால் மதிப்பு உயரும், உங்கள் ஸ்ட்ரைக் பிரைஸும் உயரும். அடுத்த சுற்று பக்கத்தில் இருக்கிற நிறுவனத்தில் இது பெரிய வித்தியாசம். "சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அடுத்த முதலீட்டுச் சுற்றுக்கு முன், குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படும்" என்று லெட்டரில் ஒரு வரி கேளுங்கள். வெஸ்டிங் தொடங்கும் நாள் சேர்ந்த நாளாக இருக்க வேண்டும், ஒப்புதல் நாளாக அல்ல.

அடுத்த சுற்றில் புது முதலீட்டாளர் ஆப்ஷன் பூலைப் பெரிதாக்கச் சொல்வார். அந்தத் தேய்வு பழைய பங்குக்காரர்கள் தலையில் விழும். ஆகவே என் 20% கணக்கை அந்தச் சுற்றுக்கு 25% என்று போடுங்கள்: 0.32% என்பது 0.24% ஆகும்.

90 நாளை மாற்றக் கேளுங்கள். முதல் பதில் "எல்லோருக்கும் ஒரே திட்டம்" என்று வரும். "இரண்டு ஆண்டு பணி முடித்தால் அவகாசம் 5 ஆண்டு" என்று எதிர் யோசனை வையுங்கள். அதற்கு அவர்கள் கையிலிருந்து இன்று ஒரு காசும் செலவில்லை, அதனால் சம்பளத்தைவிட இது எளிதாகக் கிடைக்கும்.

---

எறும்புத்தடம்:

10 மாச ரன்வே, 7 மாசத்துல 45% வாடிக்கையாளர் முடிவு. இந்த ரெண்டு தேதியும் உங்க 12 மாச கிளிஃபுக்கு முன்னாடி வருது. அதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். அந்த வாடிக்கையாளர் போனா, பத்தாவது மாசத்துல ஆள் குறைப்பாங்க, உங்க கையில ஒரு ஆப்ஷன்கூட இருக்காது. பத்து மாசச் சம்பளக் குறைப்பு, அதாவது இன்றைய சம்பளத்துல ரெண்டரை மாசம், போனது போனதுதான்.

அதனால கேட்க வேண்டியது ரெண்டு. கிளிஃபை ஆறு மாசமாக்கணும், இல்லேன்னா "நிறுவனம் தானா நீக்கினா அதுவரை ஆன மாசத்துக்கு விகிதப்படி வெஸ்ட் ஆகும்"னு எழுதணும். ரெண்டாவது, ரெண்டு மாசச் சம்பளம் செவரன்ஸ். சம்பளக் குறைப்பை 25%லிருந்து 15% ஆக்கச் சொல்லுங்க. ஒத்துக்கலேன்னா, அடுத்த சுற்று முடிஞ்ச மாசத்துல இருந்து சம்பளம் இன்ன எண்ணா உயரும்னு எண்ணோட எழுதித் தரட்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

நிறுவனர் பேக்அப் பத்தி ஒளிக்காம சொன்னது நல்ல அறிகுறி. 12 வருஷ அனுபவம் உள்ளவர் இருக்கிறதும் நல்லது. அவர்கிட்ட தனியா அரை மணி நேரம் பேசக் கேளுங்க, ஏழு மாசத்துல முடியற ஒப்பந்தம் புதுப்பிக்கும்னு அவர் நம்புறாரான்னு நேரடியா கேளுங்க. கடந்த மாசம் அந்த வாடிக்கையாளர் எத்தனை பேரை அந்த மென்பொருளைப் பயன்படுத்த வெச்சாங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி எத்தனை பேர்னு அவருக்கு லாக்ல தெரியும். கூடியிருந்தா புதுப்பிப்பாங்க.

---

ஆலவிழுது:

சேர்வதென்று முடிவெடுத்தால் முதல் வார வேலையாகப் பேக்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனி சர்வரில் நேற்றைய பேக்அப்பை மீட்டு, முக்கியமான ஐந்து டேபிளின் வரிசை எண்ணிக்கையை புரொடக்ஷனோடு ஒப்பிட்டு, மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். பிறகு அதையே வாரம் ஒருமுறை தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஆக்குங்கள், தோல்வியுற்றால் மட்டும் அல்லாமல், ஓடாமல் போனாலும் அலாரம் அடிக்கும்படி. கிட்லேபில் ஒரு பேக்அப் தோற்றுக்கொண்டே இருந்தது, அதைச் சொல்லும் மெயில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.